கையிலிருக்கும் ஆயுதம்: பேணுதலா, துறத்தலா?

இல்லறத்தார் ஒழுக்கத்தில் உணவைப் பற்றிய பகுதியை நாம் நன்றாக அறிவோம். இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல் ஆகியவை நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் மூன்று குணவிரதங்களுள் ஒன்றாகிய அநர்த்த தண்ட விரதத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குவர். பயன் ஏதுமின்றிப் பாவத்தைச் சேர்த்துவைக்கும் செயல்களை விலக்குதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அதனை ஐந்து பிரிவாக வைத்தார்; தமிழில் அருங்கலச்செப்பு அதே நெறியைச் சொல்லுகிறது. அவ்வைந்தனுள் ஒன்று இம்சாதானம். வாள், கோடரி, விடம், நெருப்பு, விலங்கு போன்ற கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலே இம்சாதானம். கொடுப்பவன் எவரையும் கொல்வதில்லை. கொல்லும் எண்ணமும் அவனுக்கில்லை. ஆயினும் குற்றம் அவனிடம் தொடங்குகிறது என்று ஆசாரியர் கருதினர்.

கொடுத்தல் குற்றமானால் வைத்திருத்தல் என்ன? வைத்திருப்பதோடு நில்லாமல் எண்ணெயிட்டுத் துடைத்து, உடைந்த உறுப்பை மாற்றிப் பழுது பார்த்துப் பேணுதல் என்ன? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. நாகை வட்டத்தில் நான் ஆசிரியையாக இருந்த நாட்களில் என்னிடம் பயின்ற ஒருவர் சில மாதங்களுக்கு முன் இதனை எழுதிக் கேட்டார். இப்பொழுது வேளாங்கண்ணியில் யாத்திரிகர் தங்கும் சிறு விடுதி ஒன்றை நடத்திவருகிறார். நம் சமயத்தவர் அல்லர். "கொல்லாமையை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் நீங்கள்தாமே டீச்சர், நீங்களே சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அவருடைய இசைவோடு, பெயரை மட்டும் விலக்கி, செய்தியை இங்கே தருகிறேன்.

அவருடைய பாட்டனார் நிலம் உடையவர். நாகப்பட்டினத்தில் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை இருந்த காலம் அது. 1920களின் இறுதியில் அப்பணிமனை திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்குப் பெயர்ந்தபோது, ஊரை விட்டுச் சென்ற ஐரோப்பிய அலுவலர் ஒருவரிடமிருந்து பாட்டனார் ஒரு துப்பாக்கியை விலைக்கு வாங்கினாராம். களத்து நெல்லுக்குக் காவல் என்று காரணம் சொல்லி உரிமமும் பெற்றார். அது வின்செஸ்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 1892ஆம் ஆண்டு மாதிரி, கார்பைன் வகை. பாட்டனாருக்குப் பின் தந்தையார். தந்தையாருக்குப் பின் இவர். உரிமம் முறைப்படி மாறியிருக்கிறது.

கார்பைன் என்றால் என்னவென்று நம் வாசகர் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. நானும் இதன் பொருட்டே படித்தறிந்தேன். குதிரை வீரர் சேணத்தில் அமர்ந்தபடியே கையாளுதற்கென்று குட்டையாகச் செய்யப்பட்ட நீள்துப்பாக்கி அது. இவ்வகையில் இன்னுமொரு சிறப்பு உண்டு. இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கிக்கு உரிய சிறு தோட்டாவையே இதுவும் ஏற்கும். ஒரே தோட்டாப் பட்டை இரண்டு ஆயுதங்களுக்கும் போதும். ஜான் பிரௌனிங் என்னும் புகழ்பெற்ற ஆயுதச் சிற்பி வகுத்த அம்மாதிரி ஏறத்தாழப் பத்து இலட்சம் எண்ணிக்கையில் விற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு அதனைச் செய்வதை நிறுத்திவிட்டனர். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழல். அதில் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். விசைக்குக் கீழுள்ள வளையத்தை இறக்கி ஏற்றினால் வெற்றுத் தோட்டா வெளியே விழுந்து புதியது உள்ளே ஏறும். இவர் வீட்டுத் துப்பாக்கியில் அந்த வெற்றுத் தோட்டாவைப் பிடித்திழுக்கும் சிறு கொக்கி முறிந்துவிட்டது. மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது. தோட்டாவும் எளிதிற் கிடைப்பதில்லை. நகரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவர், எஃகுத் துண்டை அரத்தால் இழைத்தே அந்தக் கொக்கியைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செய்யச் சொல்லலாமா என்பதே கேள்வி. சுடுவதற்கன்று, பாட்டனாரின் நினைவுக்காக என்கிறார்.

நினைவுப் பொருள் என்றால் கொக்கி எதற்கு என்று என் மனத்தில் உடனே தோன்றியது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை நினைவுக்கு வைத்திருப்பவர் அதில் நாள்தோறும் வெற்றிலை நிரப்பி வைப்பதில்லை. எனினும் விடையை அவ்வளவு விரைவாகச் சொல்லிவிட முடியவில்லை. அவர் எழுதிய இன்னொரு செய்தியே அதற்குக் காரணம்.

வேளாங்கண்ணியின் காற்றை அங்கு வாழ்ந்தவர் அறிவர். சன்னல் கம்பி இரண்டாண்டு துருவேறாமல் இருந்தால் அதிசயம். அவ்வூரில் இரும்பை வைத்திருப்பவன் அதற்கு ஊழியம் செய்தே ஆக வேண்டும். இவருடைய தந்தையார் வாரந்தோறும் அத்துப்பாக்கியை எடுத்துத் துணி சுற்றிய கோலால் குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுவார். எண்ணெய் மிகுந்தால் தூசு ஒட்டும். குறைந்தால் உப்பு அரிக்கும். பழைய தோட்டாக்கள் பலவற்றின் நெருப்பு மருந்தே ஒருவகை உப்பைக் குழலுக்குள் விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே தின்னும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது. வெந்நீரால் கழுவியே போக்க வேண்டும். இவற்றையெல்லாம் தந்தையார் யாரிடமோ கேட்டறிந்து ஒரு பூசை போலச் செய்துவந்தாராம். ஆனால் அவர் காலத்தில் அது ஒருமுறையும் சுடப்படவில்லை.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மார்பளவு நீர் நின்றது. இரும்புப் பெட்டியோடு துப்பாக்கியும் நனைந்தது. அடுத்த இரண்டு நாட்கள் தந்தையார் ஊராரோடு சேர்ந்து பிணங்களைச் சுமந்தார். மூன்றாம் நாள் இரவு, மின்சாரம் இல்லாத வீட்டில் விளக்கொளியில் அமர்ந்து, கிடைத்தற்கரியதாயிருந்த நல்ல தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து அத்துப்பாக்கியைக் கழுவினாராம். இவருடைய தாயார் அன்று கேட்ட கேள்வியை இவர் இன்றும் மறக்கவில்லை. "ஊரே செத்துக் கிடக்குது, உங்களுக்கு இது ஒரு கேடா?" என்றாராம். தந்தையார் மறுமொழி சொல்லவில்லை.

இந்நிகழ்ச்சியை எவ்வாறு எடைபோடுவது? இம்சையை நம் நூல்கள் செயலால் மட்டும் அளப்பதில்லை, எண்ணத்தாலும் அளக்கின்றன. ரௌத்திர தியானம் நான்கு வகை. கொலையில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல் ஆகிய மூன்றையும் அடுத்து நான்காவதாக, உடைமையைக் காப்பதிலேயே மனம் அழுந்திக் கிடப்பதையும் ஆசாரியர் வைத்தனர். கொலைக் களிப்புக்கும் உடைமைக் காவலுக்கும் ஒரே தியானத்தில் இடம் கொடுத்த துணிவை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. அவ்வளவுகோலால் பார்த்தால், பிணங்களுக்கு நடுவே துப்பாக்கியைத் துடைத்த மனிதரைப் பற்றிய முடிவு எளிதாகிவிடும்.

ஆனால் இன்னோர் அளவுகோலும் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை முன்னிறுத்துகிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை, அசட்டை. விழிப்போடு நடப்பவன் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக மாண்டால் வரும் வினையை விட, விழிப்பின்றி நடப்பவன் உயிரேதும் மாயாதபோதும் அடையும் வினை பெரிது என்பது நம் கொள்கை. துருவேறிய துப்பாக்கியினும் கொடியது இல்லை. விசை எப்பொழுது விழும் என்று தெரியாது. குழலில் அடைப்பிருந்தால் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும். கவனிப்பாரற்ற பெட்டியில் உள்ளே தோட்டா கிடக்கிறதா இல்லையா என்பதைக் கூட எவரும் அறியார். குழந்தை திறந்து பார்த்தால் அறியலாம்! வெள்ளத்தில் நனைந்த ஆயுதம் எங்கே எந்நிலையில் கிடக்கிறது என்பதை உரிமம் பெற்றவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆகலின் அன்றிரவு அத்தந்தையார் செய்தது ரௌத்திர தியானம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இரண்டு நாட்கள் பிணம் சுமந்த கை, தன் பொறுப்பிலிருந்த ஒன்றையும் அசட்டையாக விடவில்லை என்றே கொள்கிறேன்.

எனவே சிக்கல் இவ்வாறு நிற்கிறது. ஆயுதத்தைப் பேணினால் கொலைக் கருவியைக் கொலைக்கு ஏற்ற நிலையில் வைத்தவராவோம். பேணாவிட்டால் பிரமாதத்துக்கு ஆளாவோம். உடைமையாக அது இருக்கும்வரை இவ்விரண்டில் ஒன்றைத் தவிர்க்க வழியில்லை. தந்தையாரின் விழிப்பு அவரோடு போயிற்று. துப்பாக்கி மட்டும் மகனுக்கு வந்தது. பரம்பரைச் சொத்தாக எண்ணத்தை எழுதிவைக்க எந்தப் பத்திர அலுவலகத்திலும் இயலாது.

பொறுப்புள்ளவர் கையில் இருந்தால் அச்சமில்லை என்பார் உளர். இந்தியாவில் கார்பைன் என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் 1963 முதல் செய்யப்பட்ட 9 மில்லிமீட்டர் 1ஏ1 வகை. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் நிறுவனத்தாரின் ஆயுதத்தை உரிமம் பெற்று இங்கே செய்தனர். அதுவும் கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏற்பதே. ஆனால் விசையை அழுத்தியிருக்கும்வரை தானே தொடர்ந்து சுடும். ஒரு கூட்டில் 34 தோட்டாக்கள் கொள்ளும். தாய் நிறுவனம் 1988இல் மூடப்பட்டது. தனியார் எவரும் அத்தகைய ஆயுதத்தை வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. படையினரும் காவலருமே தாங்குவர். பொறுப்புள்ள கைகள் என்று சொன்னால் அவற்றினும் பொறுப்பான கைகள் உண்டோ? 1984ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைத் தில்லியில் அவர் இல்லத்துத் தோட்டத்திலேயே வீழ்த்தியவர்கள் அவருடைய மெய்க்காவலர்களே. ஒருவன் கையில் சுழல்துப்பாக்கி. மற்றவன் கையில் ஸ்டெர்லிங் கார்பைன். அவ்வாயுதம் அவரைக் காத்தற்கென்றே அரசு கொடுத்தது, அன்று காலைவரை காத்தும் வந்தது. இதனால் காவலர்க்கு ஆயுதமே கூடாதென்று நான் வாதிடவில்லை. ஆயுதத்தின் குணம் வைத்திருப்பவனின் இன்றைய எண்ணத்தில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கே இதனைக் கூறினேன்.

விரோதி இம்சைக்கு இல்லறத்தானுக்கு இடமுண்டே என்று நம்மவர் கேட்கலாம். உண்டு. சங்கல்ப இம்சையை முற்றும் விலக்கச் சொன்ன அறநூல்கள், சமையலில் நேரும் ஆரம்ப இம்சையையும், உழவிலும் தொழிலிலும் நேரும் உத்தியோக இம்சையையும், தாக்க வந்தவனைத் தடுப்பதில் நேரும் விரோதி இம்சையையும் இல்லறத்தானால் முற்ற விலக்க இயலாதெனக் கண்டு, குறைத்துக்கொள்ளச் சொல்லின. கங்கர் படைத்தலைவராகிய சாமுண்டராயரே 981ஆம் ஆண்டையொட்டிச் சிரவணபெளகுளத்தில் கோம்மடேசுவரரை நிறுவினார். போர்க்களம் கண்டவரை நம் சமயம் புறத்தே நிறுத்தவில்லை. ஆனால் விரோதி இம்சை என்பதற்கு முதலில் ஒரு விரோதி வேண்டும். களத்து நெல்லுக்குக் காவல் என்று பாட்டனார் எழுதிக்கொடுத்தாரே, அக்களத்தை நோக்கி அக்காலத்தில் வரக்கூடியவர் யாவர்? பட்டாளமா வந்தது? பசித்த கூலியாள் ஒரு முறம் நெல்லுக்கு வந்திருப்பான்.

இச்சொல் சிலருக்குக் கசக்கலாம். எனினும் காவிரிக் கடைமடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. வேளாங்கண்ணிக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. 1968ஆம் ஆண்டு திசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதனால் எழுந்த பகையில், தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். தாக்க வந்தோர் கையில் அன்று துப்பாக்கிகளும் இருந்தன, சுடப்பட்டும் இருக்கின்றன. காவல் என்ற சொல் யாருக்கு எதிரான காவலாக மாறும் என்பதை இம்மண் கண்டிருக்கிறது. அதே மாவட்டக் கடற்கரையில் 1930ஆம் ஆண்டு ஏப்பிரலில் இராசாசியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்து வந்தனர். அவர்களுக்குச் சோறும் இடமும் தருவோரைத் தண்டிப்பதாகத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். ஆயுதமின்றி ஆட்சியை எதிர்ப்பது எப்படி என்பதையும் இதே மண் கண்டிருக்கிறது.

இனி, நான் அவருக்கு எழுதிய விடைக்கு வருகிறேன். கொக்கியைச் செய்விக்க வேண்டாம் என்றேன். இயற்கையாகவே ஊனமடைந்த ஒன்றைப் பொருள் செலவிட்டுக் கொல்லும் ஆற்றலுக்குத் திருப்புவது, தந்தையார் செய்த துடைத்தலோடு ஒப்பாகாது. துடைத்தல் இருப்பதைத் தீங்கின்றி வைத்தல். இதுவோ இல்லாத தீங்கைப் புதிதாகப் படைத்தல். விற்கவும் வேண்டாம் என்றேன். அவருக்கு நல்ல விலை கிடைக்கும். பழம்பொருள் விரும்பிகள் உரிமத்தோடு வாங்கக் காத்திருக்கின்றனர். ஆனால் அதுவே அசல் இம்சாதானம். அதிலும் விலை பெற்றுச் செய்வது. அரசிடம் ஒப்படைக்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே, வைத்திருக்க உரிமையற்றுப் போன ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்புவிக்கும் முறை உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டபோது, மிகுதியை ஓராண்டுக்குள் ஒப்படைக்கவும் சொன்னார்கள். பாட்டன் வழி வந்ததற்கும் அவ்வரம்பில் விலக்கில்லை. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் உரிமம் பெற்றோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் வைத்துவிட்டு, முடிந்தபின் சீட்டைக் காட்டித் திரும்பப் பெறுவதும் வழக்கமே. ஒருமுறை திரும்பப் பெறப் போகாதிருப்பதற்கு விண்ணப்பம் எழுதினால் என்ன என்று கேட்டேன். ஒப்படைக்கும் நாள்வரை தந்தையார் துடைத்தது போலவே துடைத்து, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி வைக்கவும் சொன்னேன். நாளைக்கு விட்டுவிடப் போகிறோம் என்பது இன்றைய அசட்டைக்குக் காரணமாகாது.

அவர் உடனே ஒப்பவில்லை. "அப்பாவின் கைரேகை தேய்ந்த கட்டை அது டீச்சர். காவல் நிலையத்து மூலையில் சீட்டுக் கட்டிப் போட்டுவிடுவார்கள்" என்று எழுதினார். இதற்கு நான் உரிய மதிப்பைத் தருகிறேன். நினைவு பொய்யன்று. ஆனால் அவர் தம் கடிதங்களில் தந்தையாரைப் பற்றி எழுதியவற்றுள் அந்த ஒரு குடம் தண்ணீரும், தாயாரின் கேள்வியும், பதில் சொல்லாத மௌனமும் இருக்கின்றன. அவை துப்பாக்கியில் இல்லை, அவரிடம் இருக்கின்றன. அரசு அவற்றைச் சீட்டுக் கட்டி வைக்க முடியாது.

நம் புராணத்தில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பரத சக்கரவர்த்திக்கு ஒரே வேளையில் மூன்று செய்திகள் வந்தன. தந்தையாகிய விருஷபதேவருக்குக் கேவலஞானம் தோன்றியது. தனக்குப் புதல்வன் பிறந்தான். ஆயுதசாலையில் சக்கரரத்தினம் தோன்றியது. பரதன் முதலில் பகவானை வணங்கவே புறப்பட்டான். சக்கரத்தைத் துறந்தான் என்று புராணம் கூறவில்லை. பின்னர் அதனோடு திக்குவிசயமும் செய்தான், தம்பி பாகுபலியின் மீது அதை ஏவவும் செய்தான். அது பாகுபலியைத் தீண்டாமல் வலம்வந்து நின்றது. எய்தவன் நாணினான். நம் வீட்டு ஆயுதங்களுக்கு அந்தச் சக்கரத்தின் விவேகம் இல்லை என்பதை மட்டும் மாணவருக்கு எழுதினேன்.

இதைப் படிக்கும் சிராவக சிராவகியர், நம் வீட்டில் கார்பைன் ஏது என்று நிம்மதி கொள்ளலாம். நம்மிற் பலர் உழுது வாழ்பவர். மன்னார்குடி, தீபங்குடி, தஞ்சைப் பக்கத்து நம் உறவினர் வீட்டுக் கொல்லையில் கிட்டி கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூங்கிலை வில்லாக வளைத்து நாணேற்றி வரப்பில் மாலையில் வைக்கும் எலிக் கிட்டியைத்தான் சொல்கிறேன்; தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பெயர். விடியலில் எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுப்பார்கள். நாம் வைக்கவில்லை, கிட்டிக்காரர் வைத்தார் என்பது இம்சாதானத்துக்கு நேரான விளக்கம் போலவே இருக்கிறது! உழவில் நேரும் உத்தியோக இம்சை இதுவென்று சொல்வோருடன் நான் பாதி வழி உடன்படுகிறேன். ஏர் முனையில் மாயும் புழுவை உழவன் தேடிப் போவதில்லை. கிட்டியோ எலி வரும் வழியை அறிந்து அங்கே குறிவைப்பது. அண்டை வயற்காரர் இரவல் கேட்டால் கொடுப்பதா என்பது அதனினும் கடினமான கேள்வி; கொடுக்காவிட்டால் அவர் நச்சு மருந்தை வைப்பார், அதைத் தின்ற எலியைத் தின்று பருந்தும் நாயும் மாயும்.

வேளாண்மைத் துறையினர் வயலில் ஆங்காங்கே குச்சி நட்டு ஆந்தை வந்தமர இடம் செய்யச் சொல்கின்றனர். ஆந்தை எலியைப் பிடித்துக்கொள்ளும். என் ஒன்றுவிட்ட தங்கை அவ்வாறே நட்டுவிட்டு, "அக்கா, ஆந்தைக்குக் குச்சி கொடுப்பதும் இம்சாதானம்தானா?" என்று கேட்டாள். அடுத்த முறை முனிவர் விகாரம் செய்து நம் பக்கம் வரும்போது கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.